பின்சுவர்

இந்த ஊரில் வீட்டின் முகம் தெருவுக்கு.
பின்சுவர் என்னைப் போன்றவர்களுக்கு.

ஹடர்ஸ்ஃபீல்டில் மார்ச் மாதம்.
நின்றோமா இல்லையா என்று
மழைக்கே தெரியாத காலை.
முன்கதவுக்குப் புதுச் சாயம் பூசி,
பித்தளைக் கைப்பிடியைத் துலக்கி
காத்திருந்தார் ரோலண்ட் ஹர்ஸ்ட்.
தலையசைத்துவிட்டுச் சந்து வழியே
பின்னால் போனேன்.

வீட்டை வாங்கப்போகிறவள் தனுதா.
இரவுப்பணி முடித்த கண்களோடு,
குடையில்லாமல் வந்து சேர்ந்தாள்.
"குழாயைப் பார்க்கவா சம்பளம் வாங்குகிறீர்கள்?"
குழாயைப் பார்க்கத்தான்.
சுவருக்குள் ஒளிந்த குழாய் பொய் சொல்லும்.
வெளியே தொங்குகிற குழாய்க்கு
அந்த வசதி கிடையாது.

மூன்று பேரின் கை இந்தச் சுவரில்.

முதல் கை வார்ப்பிரும்பு.
கழிவறையிலிருந்து இறங்குகிறது,
புகை குடித்துக் கறுத்த மணற்கல்லின் மேல்
இன்னும் கறுப்பாக.
தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.
நூலும் குழாயும் இரண்டு மாடி உயரத்துக்கு
உரசாமல் விலகாமல் இறங்கின.
ஒவ்வொரு மூட்டின் காதும் ஒரே திசை பார்க்கிறது,
ஒவ்வொரு காதிலும் ஆணித்தலை ஒரே ஆழம்.
குப்பைத்தொட்டிகள் மட்டும் பார்க்கிற சுவரில்
ஆணித்தலைகளுக்கு வரிசை எதற்கு?
அந்த ஆளைக் கேட்க முடியாது.
பெயர்கூடப் பொறிக்காமல் போயிருக்கிறான்.

இரண்டாவது, சமையலறையிலிருந்து வரும்
சாம்பல் பிளாஸ்டிக்.
நாலு பிடிப்பு வேண்டிய நீளத்துக்கு இரண்டு.
நடுவில் தொய்ந்து பல்லிளிக்கிறது.
ஒழுகவில்லை. அதற்குமேல்
அதைப்பற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

மூன்றாவது ரோலண்டே.
தோட்டத்துக்கு ஒரு தாமிரக் குழாய்.
போன கோடையில் வீடியோ பார்த்துக் கற்று,
தானே தீ பிடித்து ஒட்டியது.
முழங்கை வளைவில் பற்று வழிந்து
சளி பிடித்த குழந்தையின் மூக்காய் உறைந்திருக்கிறது.
"எப்படி?" என்றார்.
நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர்
விடைத்தாள் நீட்டிய பையனைப் போல நின்றார்.
"ஏற்கத்தக்கது" என்றேன்.
எங்கள் படிவத்தில் அது கடைசிக்கு முந்தைய மதிப்பு.
அவருக்கு அது தெரியாது.
முகம் அப்படி மலர்ந்தது.
பனிக்கு ஒரு உறை சுற்றுங்கள் என்பதை
அப்புறம், மெதுவாகத்தான் சொன்னேன்.

பிறகு மழைநீர்க் குழாய்.
அதுவும் முதல் ஆளின் கைதான், அதே காதுகள், அதே ஆணிகள்.
ஆனால் மேல்மாடி நடுவில்
ஒரு முழம் வலப்பக்கம் ஒதுங்கி,
கொஞ்ச தூரம் போய்,
திரும்பத் தன் கோட்டுக்கே வருகிறது.
வெறும் சுவர். எதற்கு இந்தச் சுற்று?
*தேவையற்ற வளைவுகள் இரண்டு* என்று எழுதினேன்.
எழுதியபின் உறுத்தியது.
நூல் பிடித்தவனா இப்படி?

ஏணி வைத்து ஏறி விரலால் தடவினேன்.
குழாய் ஒதுங்கிய இடத்தில்
கல்லின் கறுப்பு ஒரு தலைமுறை இளையது.
பூச்சு வேறு. கீழே,
சுவரோடு சுவராகச் செதுக்கி எடுத்த
ஒரு விளிம்புக்கல்லின் தழும்பு.

"இங்கே ஜன்னல் இருந்திருக்கிறது."
"ஜன்னலா? அங்கே எங்கள் துணி அலமாரி!"
ரோலண்ட் உள்ளே ஓடினார்.
சட்டைகளை விலக்கி அவர் தட்டுவது
என் உள்ளங்கைக்குக் கேட்டது.
பொள்ளலாக, மூன்று தரம்.

தனுதா அண்ணாந்து நின்றாள்.
"திறந்தால் குன்று தெரியுமா?"
தெரியும் என்றேன். அனுமதி, செலவு,
மேலே தாங்குகல் ஆகியவற்றையும் சொன்னேன்.
பகலில் தூங்குகிறவளுக்கு எதற்கு வெளிச்சம்
என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.
பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

காருக்குள் படிவத்தைத் திருத்தினேன்.
*தேவையற்ற* என்பதை அடித்தேன்.
மீதி அப்படியே:
வளைவுகள் இரண்டு.
நவம்பரில் இலை அடைக்கும்.
குச்சியால் குத்திவிடவும்.